பக்கத்தின் நடுவில் ஓர் இடம்

காட்மாண்டுவின் பக்னாஜோலில் மலைநடை கூட்டிப்போகும் சின்ன அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் இணையப் பக்கம் உண்டு. எல்லாப் பக்கத்தின் அடியிலும் உறவினர்கள் உண்டு. சிர்ஜனா கலேயின் பக்கத்திலும் இருந்தார்கள். ஜீப் ஓட்டும் சித்தப்பா, மாச்சாகோலாவில் விடுதி வைத்திருக்கும் அத்தை, கணவனின் அக்கா லீலா நடத்தும் பல் ஆஸ்பத்திரி, மாமனாரோடு பட்டாளத்தில் இருந்தவரின் கம்பளக் கடை, இன்னும் பலர். அலுவலகம் திறந்த அன்று கழுத்தில் வாழ்த்துத் துணி போட வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, எங்கள் பெயரையும் உங்கள் பக்கத்தில் போட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களும் தங்கள் பக்கத்தின் அடியில் இவள் பெயரைப் போட்டார்கள். பெயரைத் தொட்டால் கடை திறக்கும். ஆனால் யாரும் தொட்டதில்லை. பண்டிகைக்குப் பண்டிகை பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதைப் போல அது ஒரு முறை. செய்தால் யாருக்கும் தெரியாது, செய்யாவிட்டால் ஊருக்கே தெரியும்.

சிர்ஜனா பிறந்தது கோர்க்கா மாவட்டத்தில், மலைக்கு மேலே பார்பாக்கில். பள்ளி முடித்து, காட்மாண்டுவில் வணிகவியல் படித்து, கிடைத்த முதல் வேலையிலேயே ஆறு வருடம் ஓட்டினாள். பானேஷ்வரில் ஒரு மாடியில் இருந்த அலுவலகம் அது. வெளிநாட்டு வியாபாரிகளின் பக்கங்களுக்கு மற்ற பக்கங்களிலிருந்து லிங்க் வாங்கிக் கொடுப்பார்கள். நாலு பேர் ஒரு கடையைக் கைகாட்டினால் கூகுள் அந்தக் கடையை மேலே தூக்கி வைக்கும் என்பது தொழிலின் பால பாடம். யார் கைகாட்டுகிறார்கள், எங்கே நின்று காட்டுகிறார்கள் என்பதைப் பற்றி அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தார், இவர்கள் எண்ணிக்கை காட்டினார்கள்.

குளியலறைக் குழாய் விற்கும் ஓர் ஆங்கிலேயருக்காக அவள் கண்ட கண்ட பக்கங்களின் அடியிலும் ஓரத்திலும் லிங்க் வைத்தாள். நாய் வளர்ப்பவர் பக்கம், ஜோசியப் பக்கம், ஆளே வராத கடைப் பெயர்ப் பட்டியல்கள். கூகுளில் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருநாள் அயர்லாந்தில் குழாய் வேலை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர், தன் பாடத்தின் நடுவில், வாஷர் மாற்றுவதை விளக்கும் இடத்தில், இந்தப் படத்தைப் பாருங்கள் என்று அந்தக் கடையைச் சுட்டி எழுதியிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த மாதமே குழாய் மேலே வந்தது. முதலாளி தங்கள் உழைப்பு என்று சொல்லிக் கொண்டாடினார். சிர்ஜனா மட்டும் அந்த வாத்தியாரின் பாடத்தை முழுக்க வாசித்தாள். விஷயம் தெரிந்த ஒருவர், அதே விஷயத்தைப் பேசும்போது, பேச்சின் நடுவில் ஒரு பெயரைச் சொல்வது வேறு, அடியில் பத்தோடு பதினொன்றாக எழுதி வைப்பது வேறு என்று அன்றைக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்ல ஆள் இல்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

கணவன் பூர்ணா மலை வழிகாட்டி. அவன் வேலை செய்த இடம் மூடியதும் இருவருமாகச் சொந்தத்தில் தொடங்கினார்கள். சும் பள்ளத்தாக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் வழி. ஆனால் சும் நடைப்பயணம் என்று கூகுளில் தேடினால் அவர்கள் பக்கம் தேடல் முடிவுகளின் நாலாம் பக்கத்தில் கிடந்தது. இரண்டு வருடமாகத் தெரிந்தவர் அனுப்பிய ஆட்களை வைத்தே பிழைப்பு. இந்த மழைக்காலத்தில் பூர்ணா தோஹா ஓட்டல் வேலைக்கு மருத்துவச் சோதனை முடித்து, பாஸ்போர்ட்டையும் ஆள் அனுப்பும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தான். தசைன் பண்டிகை முடிந்ததும் விமானம். இடையில் பக்கம் மேலே வந்து ஆள் வந்தால் பார்க்கலாம் என்றான். கத்தவில்லை, அழவில்லை.

மறுநாள் அவள் பக்கத்தின் அடியில் இருந்த எல்லோரையும் எடுத்துவிட்டாள். ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்ட பெயர்களால் பக்கத்துக்கு ஒரு பயனும் இல்லை, கெடுதல்கூட இருக்கலாம் என்பது அவள் கணக்கு. பூர்ணாவிடம் சொன்னபோது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அக்காவையுமா என்று மட்டும் கேட்டான்.

தொடாத பெயர்களை யார் பார்த்தார்களோ, சாயங்காலத்துக்குள் சேதி பரவிவிட்டது. ஜீப் சித்தப்பா போன் செய்து, நான் என்ன தப்பு செய்தேன் என்று மூன்று விதமாகக் கேட்டார். கம்பளக் கடைக்காரர் போனே செய்யவில்லை, தன் பக்கத்திலிருந்து இவளை எடுத்துவிட்டார். லீலா நேரில் வரச் சொன்னாள்.

லீலாவின் ஆஸ்பத்திரி மஹாராஜ்கஞ்சில். நோயாளிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அது ஏறுகிற நேரத்தில் வெளியே வந்தாள்.

"நீ கல்யாணம் ஆகி வந்தப்ப உன்னை வீட்டுல எங்க உக்கார வெச்சோம்? வாசப்படியிலயா?"

"நடுவுலதான் அக்கா."

"அப்ப என்னை மட்டும் ஏன் அடியில போட்ட? அதையும் இப்ப பிடுங்கிட்டே."

சிர்ஜனா அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். அடியில் இருந்தால் யாருக்கும் பயனில்லை, நடுவில் போடத்தான் ஆசை, ஆனால் நடுவில் போட ஏதாவது விஷயம் வேண்டும் என்றாள். சித்தப்பாவைப் பற்றி எழுதலாம், ஆருகாட் ஊருக்கு மேலே சாலை எப்படி இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அத்தையின் விடுதி முதல் இரவில் வரும். மலை ஏறுகிறவனிடம் போய்ப் பல்லைப் பற்றி என்ன சொல்வது?

லீலா கையுறையைக் கழற்றினாள்.

"மலைக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா? உன் புருஷனா? வருஷா வருஷம் சீசன்ல என் நாற்காலியில வந்து உக்கார்றதுல பாதிப் பேரு வெள்ளைக்காரன். கன்னம் வீங்கி, பாதி வழியில திரும்பி வந்தவன்."

பிறகு அவள் சொன்னதைச் சிர்ஜனா கைபேசியில் குறித்துக்கொண்டாள். அடைத்த பல்லில் கீறல் இருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மேலே ஏற ஏற வெளிக் காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே மாட்டியது நரம்பை அழுத்தும். கீழே இருக்கும்போது ஒன்றும் தெரியாது. அதனால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே, சொந்த ஊரிலேயே பல்லைக் காட்டிவிட வேண்டும். சொந்த ஊரிலேயே என்று லீலாதான் எழுதச் சொன்னாள். அப்படிச் சொன்னால் உங்களிடம் யார் வருவார்கள் என்று சிர்ஜனா கேட்டதற்கு, கேக்காதவன் வருவான், அவன்தான் அதிகம் என்றாள். உள்ளே நோயாளி ஏதோ முனகினார். லீலா போய்விட்டாள்.

மழை விடுவதற்குள் சிர்ஜனா பக்கத்தை முதலிலிருந்து எழுதினாள். எங்கே மண் சரியும், எந்த வளைவில் ஜீப்பிலிருந்து இறங்கி நடக்க வேண்டும் என்ற இடத்தில் சித்தப்பா வந்தார். சும்லிங்கில் குளிர்காலத்தில் எந்தப் பாதையில் பனிக்கட்டி கிடக்கும் என்று பூர்ணா சொல்லச் சொல்ல எழுதினாள். பல்லைப் பற்றி நாலு பத்தி, லீலாவின் பெயரோடு. கம்பளத்துக்கு எவ்வளவு யோசித்தும் இடம் கிடைக்கவில்லை. அவர் தெருவில் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. தினமும் காலையில், யாராவது தங்கள் பக்கத்தைச் சுட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். ஒருவருமில்லை. பூர்ணா புதுச் சூட்கேஸ் வாங்கி வந்தான். அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள், அவன் மறுபடி வெளியே எடுத்து வைத்தான்.

தசைனுக்கு வீடுகளில் ஆடு வாங்கிக் கட்டியிருந்த வாரத்தில், ஜெர்மனியில் ஒரு மலையேற்றச் சங்கத்தின் பக்கம் அவர்களைச் சுட்டியது. சங்கத்தின் மருத்துவர் உயரத்தில் வரும் உபாதைகளைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். இரண்டாவது பத்தியிலேயே, பல்லைப் பற்றி இவ்வளவு தெளிவாக வேறெங்கும் வாசிக்கவில்லை என்று சொல்லி, சும் பக்கத்தைச் சுட்டியிருந்தார். அந்த மருத்துவர் எழுதுவதை மலைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் வாசிப்பார்கள் போலிருந்தது. அவரைப் பார்த்து ஆஸ்திரியாவில் ஒருவரும் எழுதினார். சிர்ஜனா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

கூகுளில் நாலாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கம். பூர்ணா தன் அக்கா கையால் நெற்றியில் தசைன் டீக்கா வைத்துக்கொள்ளக் கிளம்பிய காலையில் முதல் பக்கத்தின் கீழ்ப்பாதி. இரண்டு பெல்ஜியச் சகோதரிகள் கார்த்திகை மாதத்துக்குக் கேட்டிருந்தார்கள். வசந்தத்துக்கு ஒரு குழு விலை கேட்டிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் வருவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். பூர்ணா அந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

லீலா அரிசியும் தயிரும் சிவப்புப் பொடியும் குழைத்து அவன் நெற்றியில் அப்பினாள். வழக்கமாகச் சொல்லும் ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு, கையை எடுக்காமலே கேட்டாள்.

"தோஹாவுல யாருக்குப் பல்லு வலிக்குதுன்னு போற?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

விடுமுறை முடிந்து ஆள் அனுப்பும் அலுவலகம் திறந்த அன்று போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வந்தான். கட்டிய பணத்தில் பாதிதான் தருவார்களாம். பாஸ்போர்ட்டை அவளிடம் நீட்டினான்.

"அடுத்த வருஷம்?" என்றாள் சிர்ஜனா.

"அடுத்த வருஷம் இதே மாதிரி உக்காந்து பயப்படலாம். இப்ப பெல்ஜியத்துக்குப் பதில் போட்டியா?"

போடவில்லை. மூத்த சகோதரி தனக்கு மேல்வரிசையில் பாதி கட்டுப்பல் என்றும், அது மலையில் பிரச்சினை செய்யுமா என்றும் கேட்டிருந்தாள். சிர்ஜனா லீலாவுக்குப் போன் செய்தாள். லீலா நாற்காலியில் ஒருவரை வைத்திருந்தாள், காத்திருக்கச் சொன்னாள்.