மனைவிக்கு வந்த விசா

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் வெளிநாடு போகப்போகிற ஆள் நான்தான். கட்டட நிறுவனமொன்றில் இன்ஜினியராக இருந்தபடி கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் மாறி மாறி முயன்றுகொண்டிருந்தேன். லிஃப்டில் யாரைக் கண்டாலும், "தம்பி, எப்ப பயணம்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

என் மனைவி தனியார் மருத்துவமனையில் தாதி. ஒரு நாள் வேலையால் வந்து, கதவடியில் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, லண்டனில எனக்கு வேலை சரி. விசாவுக்கு அவையளே ஸ்பொன்சர் பண்ணுவினமாம்."

அவள் விண்ணப்பித்தது எனக்குத் தெரியாததல்ல. நேர்முகத் தேர்வுக்கு என் லப்டொப்பைத்தான் கொடுத்தேன். கிடைக்காது என்ற நம்பிக்கையில் கொடுத்திருப்பேன் போலும். "நல்லது" என்றேன். சிரித்த முகத்தை அப்படியே வைத்திருக்கக் கன்னம் வலித்தது.

விசா நிலையத்தில் இருந்த பெண் என்னைத் தாண்டி அவளைப் பார்த்தாள். "வேலை கிடைச்சது உங்களுக்குத்தானே?"

"ஓம்."

"அப்ப இவர் டிபென்டன்ட், உங்கட விசாவில கூடப் போறவர். ஐயா, நீங்கள் அந்தக் கதிரையில இருங்கோ, பிறகு கூப்பிடுறன்."

மனைவி விரல் அடையாளம் கொடுப்பதைக் கதிரையிலிருந்து பார்த்தேன். எத்தனை வருடங்களாக நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்த காட்சி அது!

அன்று பின்னேரம் எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் குளிருடுப்புக் கடையொன்றுக்குப் போனோம். தடித்த ஜாக்கெட் ஒன்றை என் தோளில் வைத்து, "இது அளவோ?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். நீர் போம். நான் வாறதைப் பிறகு பாப்பம்."

கடைக்காரர் மறுபக்கம் திரும்பி, மடித்த துணிகளையே மீண்டும் மடித்தார். அவள் ஜாக்கெட்டைக் கொழுவியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். ரயில் பாதையைக் கடந்து, கடலோரக் கல்லில் போய் இருந்தோம்.

"உங்களுக்கு எரிச்சல். எனக்கு விளங்குது" என்றாள்.

"அப்பிடி ஒண்டுமில்லை."

"எனக்கும் இருந்தது. உங்கட கனடாவுக்காக நேர்த்தி வைக்கப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய், கிடைச்சிட்டா இவர் பெரிய ஆளாகிடுவார் எண்டு நினைச்சு, வைக்காமலே திரும்பி வந்தனான்."

கோபப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அவளும் சிரித்தாள். அலைத் தண்ணீர் இருவரின் காலிலும் தெறித்தது. எழுந்து போய் அந்த ஜாக்கெட்டை வாங்கினோம்.

இருவருமாகத்தான் விமானம் ஏறினோம். இங்கே அவளுக்கு வேலை, எனக்குச் சமையல், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்று காலை அவள் சீருடையோடு பஸ்ஸுக்கு ஓடியதை ஜன்னலால் பார்த்தபோதும் கொஞ்சம் இருந்தது. அவள் திரும்பி மேலே பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்துவிட்டு அரிசி கழுவப் போனேன்.