ஒன்பது சிப்பும் ஐந்து ஞாயிறும்

மனிதர்களுக்கு ஞாபகசக்தி கடையில் விலைக்குக் கிடைக்காது என்பதை எட்டு வயதில் மிகுந்த வருத்தத்தோடு தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் கிடைக்கும் என்று அதே நாளில் தெரிந்ததுதான் வருத்தத்துக்குக் காரணம். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் போக முடியாமல் தினமும் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டிருந்த காலம் அது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி மழை. எங்கள் வீடு தண்டலத்தில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்தது. அம்மாவின் தம்பி அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். அங்கே கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரை அவர் மலிவாக வாங்கிவிட்டார். மூன்று பேரோடு தங்கியிருந்த அறையில் அதை வைக்க இடமில்லை, கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லி, போர்வை சுற்றி வேனில் கொண்டுவந்து இறக்கினார். டிவி மாதிரி ஒன்று, டிரங்குப் பெட்டி மாதிரி ஒன்று, தாளில் அச்சடிக்க ஒன்று. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. கண் பட்டுவிடும் என்று அம்மா எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோர்த்து அந்த டிரங்குப் பெட்டியின் முன்னால் கட்டித் தொங்கவிட்டாள்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் பிராஜக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள். டைப்ரைட்டரில் ஓர் எழுத்து தப்பினால் முழுத் தாளையும் திரும்ப அடிக்க வேண்டும், இதில் அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னபோது அத்தை கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரமே இன்ஸ்டிடியூட் வேலையை விட்டுவிட்டாள். இரண்டு ரிப்போர்ட்டுகளை அடித்துத் தருவதாக வாங்கியும் வைத்துவிட்டாள். துணிச்சல்காரி.

அதற்குப் பிறகுதான், டைப் அடிக்கும் புரோகிராம் அந்தப் பெட்டியில் திறக்கவே திறக்காது என்று தெரிந்தது. மெமரி போதவில்லையாம். சுவிட்சைப் போட்டால் திரையின் மூலையில் எண்கள் கிடுகிடுவென்று ஏறும், இருநூற்று ஐம்பத்தாறில் நின்றுவிடும். அந்த எண்கள் ஏறுவதைப் பார்க்க மட்டுமே நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன். தனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் ஒரு பொருளை அதுவரை நான் கண்டதில்லை. இன்றுவரை அதைவிடப் பெரிய அதிசயத்தைக் கண்டிருக்கிறேனா என்பதும் சந்தேகம்தான்.

மாமா மூடியைக் கழற்றிக் காட்டினார். பதினாறு கால் வைத்த கறுப்புப் பூச்சிகள் மாதிரி ஒரு வரிசையில் ஒன்பது சிப்கள் உட்கார்ந்திருந்தன. அதற்குக் கீழே இன்னொரு வரிசை காலியாகக் கிடந்தது. அங்கேயும் ஒன்பது வாங்கிப் பொருத்தினால் ஞாபகம் இரண்டு மடங்காகிவிடும் என்றார். எட்டு போதாதா என்று அப்பா கேட்டார். எட்டுதான் வேலை செய்யும், ஒன்பதாவது சும்மா உட்கார்ந்து மற்றது தப்புப் பண்ணுகிறதா என்று பார்க்கும் என்றார் மாமா.

"அப்ப அது சூப்பர்வைசர்னு சொல்லு," என்றார் பம்பு கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் அப்பா. "எங்க லைன்லயும் அதான்."

மாமா கிளம்பிப் போனதும் அப்பாவின் குரல் மாறியது. அவர் ராத்திரி ஷிப்டு முடிந்து படுக்கும் கட்டில் கிடந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. "கார்த்திக தீபத்துக்கு வூடு கழுவறதுக்குள்ள இது ஓடணும். இல்லன்னா காயலான் கடைதான்," என்றார். அத்தை மறுபடி மூடியைத் திறந்து, சிப்பின் முதுகில் இருந்த எழுத்தையும் எண்ணையும் ஒரு சீட்டில் முத்துமுத்தாக எழுதி மாமாவுக்கென்று எடுத்துவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மாமா லீவு போட்டுவிட்டு வந்து, அந்தச் சீட்டோடு என்னையும் மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரிச்சி தெருவில் பெட்டிக்கடை அளவில் ஒரு கடை. தரையிலிருந்து கூரை வரை டப்பாக்கள், டப்பாவுக்குள் டப்பாக்கள். இத்தனையும் ஞாபகமா என்று வாய் பிளந்து நின்றேன். கடைக்காரர் சீட்டைப் படித்ததும் ஒரு டப்பாவைத் திறந்தார். பழைய மெஷினில் கழற்றியது, பாதி விலை, வேகமும் சரியாக இதேதான், ஓட்டிப் பார்த்தே தருகிறேன் என்றார். மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்து டப்பாவைக் காட்டினார்.

"அது ஸ்லோ சார். உங்க மெஷினுக்கு சேராது."

"சேரலன்னா அடுத்த வாரம் மாத்திக் குடுப்பீங்கல்ல?"

"அதுக்கு இன்னா, குடுப்பேன். சேராதுன்னு இப்பவே சொல்றேனே சார்."

"அப்ப அதையே குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். கடை வைத்திருப்பவரைவிட எங்கள் மாமாவுக்கு அதிகம் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை டார்ச் அடிக்க, மாமா சிப்களைப் பொருத்தினார். ஒன்பது சிப்புக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு தடவை காபி வந்தது. சுவிட்சைப் போட்டதும் எண்கள் ஏறின, இருநூற்று ஐம்பத்தாறு வந்தது, திரை திக்கியது, நின்றது. மாமா உதட்டைப் பிதுக்கினார். "சேரல. மாத்திக்கினு அடுத்த வாரம் வரேன்." அடுத்த வாரமும் வந்தார், அதுவும் சேரவில்லை. அதற்கடுத்த வாரமும் அதே கதை. அம்மா எலுமிச்சம்பழத்தை மாற்றிக் கட்டிச் சூடம் சுற்றிப் போட்டாள். கல்லூரிப் பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தீபத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

புதன்கிழமை அத்தை திடீரென்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கடை தெரிந்தவள் நான் என்பதால் எனக்குப் பள்ளிக்கூடம் ரத்து. இந்தத் தடவை மாமா கழற்றாமலே விட்டுப் போயிருந்த ஒன்பதையும் எடுத்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்க வூட்டுக்காரருக்கு மொத வாரமே சொன்னேம்மா, இது சேராதுன்னு. அவரு ஒவ்வொரு வாட்டியும் சேராததாவே பாத்து கேட்டு வாங்கிக்கினு போறாரு."

வீட்டுக்காரர் இல்லை, மாமா என்று நான் திருத்தப் போனேன். அத்தை என் கையை அழுத்தினாள். சரியான ஒன்பதை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தைப் படித்து வாங்கினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அழட்டும், அவள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவள். ஆனால் பூந்தமல்லி தாண்டியதும் தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தாளே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவளே பொருத்தினாள். நான் டார்ச் பிடித்தேன். சுவிட்சைப் போட்டாள். இருநூற்று ஐம்பத்தாறு. எண்கள் நிற்கவில்லை. முந்நூற்று இருபது, முந்நூற்று எண்பத்து நான்கு, நானூற்று நாற்பத்தெட்டு. நான் மூச்சு விடவில்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. என் கைகள் தாமாகக் குவிந்துவிட்டன. கோயிலில்கூட நான் அப்படி மனசாரக் கும்பிட்டதில்லை. அப்பா கதவோரம் நின்று பார்த்தார், பிறகு கட்டிலை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அத்தை மூன்று நாள் இடைவிடாமல் அடித்தாள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு ரிப்போர்ட்டும் முடிந்து பையன்கள் கைக்குப் போய்விட்டன.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் செய்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. மூடியைத் திறந்து, கொண்டை ஊசியால் நெம்பி, ஒரே ஒரு சிப்பை வெளியே எடுத்துப் பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். "மாமாகிட்ட மூச்சு விடக் கூடாதுடி," என்றாள். நன்றாக ஓடும் மெஷினை யாராவது கெடுப்பார்களா? அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வீட்டில் புத்தியோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று அன்று முடிவுசெய்தேன்.

நான்காம் ஞாயிறு. அப்பா ஓ.டி.க்குப் போயிருந்தார். மாமா புது சிப் பொட்டலத்தோடு வந்து மூடியைத் திறந்தார். தாம் வாங்கித் தராத எட்டு சிப்கள் கீழ்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அவள் டார்ச்சை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கொறையுதே," என்றார் மெதுவாக.

"ஆமாங்க. வாரத்துக்கு ஒண்ணா வாங்கிக்கினு வாங்க. அவசரம் இன்னா?"

எனக்குத் தாங்கவில்லை. தீபத்துக்கு இரண்டே நாள். ஓடிப்போய்ப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். "இங்க கீது மாமா! அத்தைதான் நேத்து புடுங்கி வச்சிச்சி. ஓடலன்னா அப்பா காயலான் கடையில போட்டுடுவாரு!"

"காயலான் கடையா?" மாமாவின் முகம் வெளுத்துப்போனது. அந்தச் சங்கதி அவருக்குத் தெரியாது.

"வேலய விட்டுட்டு இத நம்பிக்கினு ஒக்காந்திருந்தேன்," என்றாள் அத்தை. "வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்னா வேற எதனா பாத்திருக்கலாம்."

"தப்புதாங்க," என்றார் மாமா. காதுமடல் சிவந்திருந்தது. சிப்பில் ஒட்டியிருந்த பவுடரை ஊதிவிட்டு ஒரே அழுத்தாக அழுத்தினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாலே வாரத்தில் இவ்வளவு வேகம் எப்படிக் கற்றார் என்று நான் அசந்துபோனேன். மெஷின் ஓடியது. காப்பாற்றியவள் நான். ஆனால் யாரும் என்னை ஒரு வார்த்தை மெச்சவில்லை. அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் மாமா வந்தார். இந்தத் தடவை அம்மாவைப் பெற்ற தாத்தாவோடும் தம்முடைய இரண்டு சித்தப்பாக்களோடும், பழமும் வெற்றிலைபாக்கும் பூவும் வைத்த தட்டுகளோடும் வந்தார். பொட்டலம் இல்லை, ஸ்க்ரூடிரைவர் இல்லை. அப்பா எல்லோரையும் பாயில் உட்காரவைத்தார். எல்லோரும் ஏதோ பேச ஆரம்பிக்கத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று கேட்டேன்:

"மெஷின்தான் நல்லா ஓடுதே மாமா, இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

கூடமே வெடித்துச் சிரித்தது. அப்பாகூடச் சிரித்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அத்தையின் வளையல் சத்தம் கேட்டது. மாமா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டியெல்லாம் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி, அவ்வளவு தூரம் வீணாக வந்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் மிகவும் பரிதாபமாக இருந்தது.