சுவரில் ஒரு காவி வட்டம்

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். பொது சுகாதார ஆராய்ச்சியில் களப்பணி பார்க்கிற நாங்கள் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்தோம். சென்னையிலிருந்து வந்த நிபுணர்கள் மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வேறு நல்ல நாற்காலி மண்டபத்தில் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் மூத்த பேராசிரியருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. மாப்பிள்ளை முறுக்கு அவரிடம் வேண்டிய மட்டும் இருந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ்கள் எரிந்தன, குடிசைகளும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களைப் பற்றி டீக்கடையில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். போலீஸ் வேன் ஊருக்குள் நுழைந்து கையில் கிடைத்த ஆண்களை அள்ளிக்கொண்டு போகும் என்பதால், ஆண்கள் கரும்புக் கொல்லைக்குள் பதுங்கிக் கிடந்தார்கள். மண்டபத்துக்குள் நாங்கள் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. கல்வராயன் மலையில் ஒவ்வொரு மழைக்காலமும் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. அதைப் பார்த்து வயிறு எரிந்துதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

மலைக்குப் போகும் முன் அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் முடிவு செய்தார். எந்தெந்த வீட்டில் தண்ணீர்ப் பானையைச் சோதிப்பது என்பதைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். குலுக்கலில் விழுந்த வீட்டுச் சுவரில் காவியைக் கரைத்து ஒரு வட்டம் போட வேண்டும். பின்னால் வருகிற குழு யாரையும் கேட்காமல் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க அது உதவும். இதுவரைக்கும் சரி. அடுத்து ஒரு விதி சொன்னார். வீடு எதற்காகத் தேர்வானது என்பதை வீட்டுக்காரர்களிடம் சொல்லவே கூடாது. சொன்னால் பானையைக் கழுவி வைத்துவிடுவார்கள், ஆராய்ச்சி கெட்டுப்போகும். யாராவது கேட்டால் எங்களுக்கும் தெரியாது என்று சொல்ல வேண்டும். வட்டம் அழிந்தால் மறுபடியும் போட வேண்டும். எங்களை ஒருவரையொருவர் கேள்வி கேட்க வைத்து, இதை நாடகம் போல நடித்துப் பழக வைத்தார்கள்.

இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டவர் எங்கள் ஜீப் டிரைவர். திருக்கோவிலூர் பக்கத்துக்காரர், நடுவயது. மலை ரோட்டில் எத்தனை வளைவு வந்தாலும் என்னைக் குமட்ட விடாமல் ஓட்டுவார். ஊசி போடாத டாக்டர் என்று என்னைக் கிண்டல் செய்வார். அவர் அன்று மேடைக்குக் கீழே வந்து நின்று பேராசிரியரிடம் பேசினார்.

“வாணாங்க சார். நாளு நல்லா இல்ல. பொறுக்கி எடுத்து நாலு வூட்டுக்கு மட்டும் குறி போட்டா ஜனம் வேற மாதிரி நெனைக்கும்ங்க.”

வெறும் காவிதானேப்பா, தண்ணீர் பட்டால் போய்விடும் என்றார் பேராசிரியர். மற்ற நிபுணர்கள் சிரித்தார்கள். பிறகு ஒத்திகை ஊருக்கு நாங்கள் மட்டும் போனோம். சாலை சரியில்லை என்பதால் நிபுணர்கள் மண்டபத்திலேயே இருந்தார்கள். யாருக்குச் சாலை சரியில்லை என்று நான் கேட்டிருப்பேன், பக்கத்திலிருந்த தோழி தொடையைக் கிள்ளினாள்.

ஊரில் ஆண்களே கண்ணில் படவில்லை. குச்சியில் துணியைச் சுற்றி, காவியில் முக்கி, வட்டம் போட்டுக்கொண்டே போனோம். ஒரு வீட்டில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் என் பின்னாலேயே வந்தாள். எங்க வூட்டுக்கு மட்டும் இன்னாத்துக்கு என்று கேட்டாள். பழகின பதிலைச் சொன்னேன். எங்களுக்கும் தெரியாதுங்க. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சாணித் தண்ணீரைக் கொண்டுவந்து வட்டத்தின் மேல் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அந்தப் பக்கம் வந்த என் தோழி, விதிப்படி, அதே இடத்தில் புதிதாக ஒரு வட்டம் போட்டாள்.

அதோடு தெரு அடங்கிப்போனது. கதவுகள் சாத்திக்கொண்டன. கொல்லைப் பக்கமாக யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் ஜீப்புக்குத் திரும்புவதற்குள் கரும்புக் கொல்லையிலிருந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். சிலர் கையில் கரும்பு வெட்டும் கத்தி, சிலர் கையில் கட்டை. டிரைவர் கீழே இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து, எங்களை மறைத்துக்கொண்டு நின்றார். சுகாதாரத்துக்காக வந்திருக்கிறோம் என்று பொறுமையாகத்தான் சொன்னார். முன்னால் நின்ற ஆள் அவர் சட்டையைப் பிடித்தான்.

“சுகாதாரம்னா எல்லா வூட்டுக்கும் போடு. பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கினு போறியே, போலீசுக்கு எந்த வூட்ட காட்டிக் குடுக்கற?”

அவர் அந்த ஊருக்குப் பலமுறை ஜீப் ஓட்டி வந்தவர். தெருவெல்லாம் தெரிந்தவர். அதுவே வினையாகப் போயிற்று. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. எங்கள் ஜீப்பைக் கிளப்புகிற இரும்புக் கம்பியை எடுத்தே அடித்தார்கள். அவர் மண்டியிட்டார். முகத்தை மறைத்த கையை ஒருவன் மிதித்தான். அடுத்த அடி கண்ணில் இறங்கியது. காய்ந்த விறகு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. இன்னும் கேட்கிறது. அது குலுக்கலில் விழுந்த வீடு, பானைத் தண்ணீருக்காகப் போட்ட வட்டம் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கைக்குழந்தைக்காரி என் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரோடு அழுத்தினாள். இப்ப மட்டும் தெரியுதா என்று கேட்டாள்.

அவர் அசையாமல் கிடந்ததும் பயந்து கலைந்தார்கள். போகிற போக்கில் ஜீப் கண்ணாடியை உடைத்தார்கள். அரைகுறையாக வண்டி ஓட்டத் தெரிந்த தோழி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பின்னால் அவர் தலையை மடியில் வைத்து, என் தாவணியால் கண்ணை அழுத்திப் பிடித்தேன். மெயின் ரோட்டை நெருங்கும்போது குறுக்கே புளியமரம் கிடந்தது. காலையில் போகும்போது நின்றுகொண்டிருந்த மரம். பக்கத்தில் கோடாலியோடு ஒரு கூட்டம்.

ஒருவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“யாரும்மா அடிச்சது? போலீசா?”

மடியில் கிடந்தவரின் மூச்சு கரகரத்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அடித்தார்கள் என்று சொன்னால் எந்த ஊர், எதற்கு அடித்தார்கள் என்று கேட்பார்கள். மறுபடியும் வட்டத்தை விளக்க வேண்டும். எனக்குத் திராணி இல்லை, அவருக்கு நேரமும் இல்லை.

“ஆமாங்க” என்றேன். “போலீசுதான்.”

கோடாலிகளைக் கீழே போட்டார்கள். அவரைக் குழந்தை மாதிரித் தூக்கி, கிளைகளுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். கரும்பு ஏற்றி வந்து நின்ற டிராக்டரில் படுக்க வைத்து, வழியில் மற்ற மரங்கள் கிடந்த இடங்களுக்கும் ஆள் அனுப்பி வழிவிடச் சொன்னார்கள். ஒரு பெரியவர் தன் துண்டைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு அழுதார். அவரைப் போன்றவர்கள்தானே அந்த ஊரிலும் அடித்தது என்று நினைத்தபடியே அந்தத் துண்டை வாங்கிக்கொண்டேன். டிரைவர் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

மறியல் தளர்ந்து சாலை திறந்த அன்று காலை, மண்டபத்தில் நிறைவுக் கலந்துரையாடல் வைத்தார்கள். அதே வெல்வெட் நாற்காலிகள். நடந்தது வருத்தத்துக்குரியது என்று பேராசிரியர் ஆரம்பித்தார். களப்பணியாளர்களுக்கு மக்களிடம் எடுத்துச் சொல்லும் திறமை போதவில்லை, அடுத்த பயிற்சியில் அதற்குத் தனி வகுப்பு வைக்கலாம் என்றார். நிபுணர்கள் தலையாட்டினார்கள். சொல்லாதே என்று நாடகம் நடிக்க வைத்தவர் சொல்கிறார், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து வெளியே போனேன். மூலையில் காவி டப்பா மிச்சம் இருந்தது. வாசலில் பேராசிரியரின் வெள்ளைக் கார், சென்னைக்குப் புறப்படத் தயாராக நின்றது. பின் கதவில், அவர் உட்காரும் பக்கத்தில், நிதானமாக ஒரு வட்டம் போட்டேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே அளவில் போட்டேன்.

அவர் கழுத்தில் போட்ட மாலையோடு வெளியே வந்தார். வட்டத்தைப் பார்த்தார். எதிரே டீக்கடையில் நின்றவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கதவில் வைத்த கை தானாகக் கீழே இறங்கியது. வழியெல்லாம் வெட்டிய மரங்கள் ஓரமாகக் கிடக்கிற சாலை, அவர் போக வேண்டிய சாலை.

“யார் போட்டது? இந்தக் கார்ல மட்டும் எதுக்கு?” என்றார். குரல் பிசிறியது.

“எங்களுக்கும் தெரியாதுங்க சார்” என்றேன்.

கழுவும் வரை அவர் காரில் ஏறவில்லை. அவருடைய டிரைவர் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தேய்த்தார். நான் டப்பாவைக் கையில் வைத்தபடி பக்கத்திலேயே நின்றேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலையிலிருந்து நிறுத்திய செய்தி பிறகு தபாலில் வந்தது.

கார் கிளம்பிப் போன அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் டிரைவரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

“அவுரு ஏறுனாராம்மா?”

“இல்லண்ணே. அழிச்ச பொறவுதான் ஏறுனாரு.”

அவர் அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார். இனி அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மலை ரோட்டில் வண்டி ஓட்ட முடியாது என்று, சற்று முன்புதான் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.