பழைய சர்வரை அணைத்த காலை

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, கவுண்டரில் கணக்கு அடிக்கும் பெண், களியக்காவிளையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரத் தம்பி, பிரிட்ஜுக்குத் தவணை கட்ட வந்த மீன்கார அக்கா. ஏதாவது ஆகிவிட்டால் சாட்சிக்கு யார் யார் உண்டு என்று அப்போதே மனதுக்குள் எண்ணி வைத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.

மண்டைக்காட்டுக்குப் போகிற சாலையில் எங்கள் கடை. கிரைண்டர், பிரிட்ஜ், பீரோ எல்லாம் தவணைக்குக் கொடுக்கிறோம். பின்னறையில் இரண்டு சர்வர்கள் ஓடின. ஒன்றில் பில், மற்றதில் தவணைக் கணக்கு. கடல்காற்றில் இரண்டுக்கும் திருகாணிவரை துருவேறிவிட்டது. "இனி இதுக்கு சாமானம் கிட்டாது அண்ணாச்சி" என்று தம்பி சொல்லிச் சொல்லி, கடைசியில் சம்மதித்தேன். விர்ச்சுவல் மெஷின் என்றான். புதுப் பெட்டி ஒன்றுதான். பழையவை இரண்டும் அதற்குள்ளே, தாங்கள் இன்னும் தனித்தனிப் பெட்டி என்ற நினைப்பிலேயே ஓடுமாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஊரில் பாதிப் பேர் எனக்குத் தர வேண்டியது, கையால் தொட முடியாத ஒரு பெட்டிக்குள் போகப்போகிறது. அது அழிந்துபோனால் யாரிடம் எவ்வளவு என்று போய்க் கேட்பேன்? அவர்கள் சொல்வதுதான் கணக்கு என்றாகிவிடும்.

கடை திறக்கும் முன்பே தம்பி எல்லாவற்றையும் நகலெடுத்துப் புதியதில் ஏற்றிவிட்டான். பழையவற்றை அணைத்தான். புதியது ஓடியது.

"பேடிக்காண்டாம், ஒண்ணும் ஆவாது. நான் சாயா குடிச்சிட்டு வாறேன். பழசத் தொடாண்டாம், கேட்டியளா?"

அவன் படியிறங்கியதும் பின்னறைக்குப் போனேன். விளக்கு அணைந்த அந்தப் பெட்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுபடி உயிர் வருமா என்று தெரிந்தால் போதும். தவணை சர்வரின் பொத்தானை அழுத்தினேன். உறுமிக்கொண்டு எழுந்தது. அப்பாடா என்று இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குள் மீன்கார அக்கா வந்திருந்தார். கவுண்டர் பெண்ணின் திரை கொஞ்சம் நின்று மறுபடி ஓடியது. அக்கா இரண்டாயிரம் கட்டினார், ரசீதும் வந்தது.

தம்பி திரும்பி வந்தவன், இரைச்சல் கேட்டு நேரே பின்னறைக்குப் போனான். "இதை ஆரு போட்டது?"

"வேற ஆரு?" என்றாள் என் மனைவி. "கேஸ் பூட்டியாச்சான்னு ராத்திரி எழும்பி எழும்பிப் பாக்க ஆளு இவிய."

அவன் பழையதை அணைத்தான். புதியதில் அக்காவின் கணக்கைத் திறக்கச் சொன்னான். பாக்கி 16,500 என்று வந்தது. இப்போது கட்டிய பணத்தைக் காணவில்லை.

அக்கா ரசீதைத் தூக்கிக் காட்டினார். "என் பைசா எங்க அண்ணாச்சி? கடல்ல போட்டிருந்தா மீனாவது தின்னிருக்கும்."

"ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே விலாசம்" என்றான் தம்பி. "ரெண்டும் ஓடினா கவுண்டர் எதுல போய் எழுதும்னு சொல்ல முடியாது. இது பழசுல ஏறிட்டு."

இன்னும் யார் யார் பணம் அதில் ஏறியதோ? தம்பி கவுண்டருக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டுப் பழையதை ஓடவிட்டு, நகலெடுத்த பிறகு ஏறியதையெல்லாம் தேடினான். ஒவ்வொரு பக்கமாக அவன் தள்ளத் தள்ள, நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவின் வரவு ஒன்றுதான் இருந்தது. அதைக் கவுண்டர் பெண் புதியதில் ஏற்றினாள். பழையதை அணைத்து, மின்வயரையும் கையோடு உருவிக்கொண்டான் தம்பி. "இது எங்கிட்ட இருக்கட்டும்."

"மக்கா, அக்கா கணக்க இன்னொருக்கா திற" என்றேன் கவுண்டர் பெண்ணிடம்.

"புதுசுலதான் திறந்திருக்கேன் அண்ணாச்சி."

"சத்தமா வாசி."

"பாக்கி, 14,500 ரூபாய்."