பேனரில் என் கல்யாணப் படம்

போன மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் ஒரு பேனர் வைத்தார்கள். வலது பக்கம் என் அண்ணன் மகள், கழுத்தில் பதக்கம், கையில் வளையப்பந்து ஆடுகிற ரப்பர் வளையம். இடது பக்கம் நான், கழுத்தில் மாலையோடு தலைகுனிந்தபடி. என் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி ஒட்டிய படம் அது. கீழே பெரிய எழுத்தில் ‘அன்று அத்தை, இன்று மருமகள்’ என்று போட்டிருந்தார்கள்.

பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் வளையப்பந்து ஆடியவள்தான். பாகூர் பக்கத்துப் பள்ளிகளில் என்னை ஜெயித்தவள் ஒருத்தி கிடையாது. புதுச்சேரி அளவிலும் நான்தான் முதல். அப்போதெல்லாம் யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை. மாலையும் கழுத்துமாகக் குனிந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் காமிராவுக்கு ஆள் சொன்னார்கள்.

பாராட்டு விழாவில் பேச வந்த உள்ளூர்ப் பிரமுகர் எங்கள் இரண்டு பேரையும் தராசில் வைத்தார்.

“அத்தைக்காரங்க புதுச்சேரியோட நின்னுட்டாங்க. பொண்ணு தேசியப் போட்டிக்கே போவப் போவுது. அந்தக் காலத்துல ஆடுறவங்களே கம்மி, ஜெயிக்கிறது சுளுவு.”

கைதட்டினார்கள்.

சுளுவாம்! நாங்களே கல் பொறுக்கிச் சரிசெய்த தரையில் வெறுங்காலோடு, தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினேன். வருகிற வளையத்தை ஒரு கையால் பிடித்து, அதே கையால் உடனே திருப்பி எறிய வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தாவணி நழுவினால் வெளியே நிற்கிறவன்கள் விசிலடிப்பான்கள். இவர் தாவணி கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும்.

மருமகளின் வேகம் எனக்கு இருந்ததில்லை. எல்லைக் கோட்டை ஒட்டி அவள் போடுவதை நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் போடுகிற கள்ளத்தனம் மட்டும் அவளுக்கு இன்னும் கைவரவில்லை. ஒப்பிடுவதென்றால் இதையெல்லாம் சொல்லி ஒப்பிடலாம், நானும் சந்தோஷமாகக் கேட்டிருப்பேன். நான் நின்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்லலாம்?

என்னை நிறுத்தினார்கள். தேசியப் போட்டிக்கு என் பெயர் வந்தபோது அண்ணன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “தொணைக்கு யாரு போறது? எனக்குக் கரும்பு வெட்டு கெடக்குது.” அத்தோடு முடிந்தது. அந்த வருஷமே கல்யாணமும் ஆயிற்று.

அதே அண்ணன்தான் அன்றைக்கு மேடையில் சால்வை போர்த்திக்கொண்டு பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார். பிரமுகர் முடித்ததும் மைக்கை வாங்கினார்.

“எம்பொண்ணு இதுவரிக்கும் ஆடுனதே எங்களுக்குப் பெருமதான். கரையாம்புத்தூர்ல நல்ல எடம் ஒண்ணு வந்துருக்குது. அடுத்த மாசம் வடக்க எங்கியோ ஆடக் கூப்புடுறாங்க. அம்மாந்தூரம் பொட்டப்புள்ளய எப்பிடி அனுப்புறது? தொணைக்கு யாரு போறது?”

ஒரு வார்த்தை மாறவில்லை. மருமகள் பதக்கத்தை உருட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தப் போட்டிதான் எல்லாம். விடியற்காலையில் அவள் திடலில் ஓடுவதை ஊரே பார்க்கிறது, பெற்றவருக்குத் தெரியாதா? எழுந்து நேரே மேடையேறினேன்.

“தொணைக்கு நான் போறேன்” என்றேன். மைக் அண்ணன் கையில் இருந்ததால் திடல் முழுக்கக் கேட்டது.

அண்ணன் முகம் சிறுத்துவிட்டது. “ஒனக்கு இன்னா ஆச்சு? வூட்ல மாப்ளைக்கு யாரு சோறாக்குறது?”

“ஒனக்குத்தான் இப்பக் கரும்பு வெட்டு இல்லியே. நீ வந்து ஆக்கிப் போடு.”

முதலில் சிரித்தது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். பிறகு திடலே சிரித்தது. அண்ணன் மைக்கைப் பிரமுகரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். தணிந்த குரலில் கேட்டாள்.

“அத்த, டிக்கெட் போடணும். ஒன் ஆதார் எங்க இருக்குது?”