நசரத்பேட்டை வீட்டின் இரண்டாவது ரவுட்டர்

பிராட்பேண்ட் வேலையில் சேர்ந்த ஆறாவது வாரம், ஆபீசிலிருந்து என்னைத் தனியாக அனுப்பிய முதல் வீடு நசரத்பேட்டையில் இருந்தது. நீளமான பழைய ஓட்டு வீடு. ரவுட்டர் முன்கட்டில். பின்னால் புதிதாகக் கட்டிய அறைக்கு வைஃபை எட்டவில்லை. முன்கட்டை ஒட்டி ஒரு கிரில் பட்டறை. கட்டிங் மெஷின் சத்தத்தில் அங்கே உட்கார்ந்து பேசவே முடியாது. அந்த வீட்டுப் பெண் கலைவாணிக்கு மூன்று மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. நான் போனபோது மணி ஒன்றரை.

அவருடைய அப்பா ஏகாம்பரம் வாசலிலேயே கேட்டார்: "இன்னா நைனா, நீ மட்டுந்தான் வந்துகீறியா? பெரிய ஆள் யாரும் வர்லியா?"

"நானே போட்டுடுவேண்ணா."

அவர்களிடமே பழைய ரவுட்டர் ஒன்று இருந்தது. அதைப் பின் அறையில் வைத்து, முன்கட்டிலிருந்து லேன் கேபிள் இழுத்தேன். சுவரில் ஓட்டை போட ஏகாம்பரம் விடவில்லை. உத்திரத்தோடு கிளிப் அடித்துக்கொண்டே போனதில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த அவசரத்தில் எந்த செட்டிங்கையும் மாற்றாமல் கேபிளைச் செருகிவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்கட்டிலிருந்து ஏகாம்பரத்தின் குரல்: "யோவ் தம்பி! நீ வர்றதுக்கு முன்னாடி இங்கயாச்சும் வந்துகினு இருந்துச்சு. இப்போ அதுவும் பூட்ச்சி!"

ஆபீசுக்கு போன் போட்டேன். "கேபிள புடுங்கிட்டு கெளம்பி வாடா. முன்னாடி ஓடினா போதும், நம்ம மேல கம்ப்ளெயின்ட் வராது" என்றார் சூப்பர்வைசர். கிளம்பியிருக்கலாம். கலைவாணிதான் பட்டறைச் சத்தத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மணி இரண்டு நாற்பது.

"தப்பு என்னுதுதாண்ணா. பத்து நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிசமா? மூணு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு இங்கிலீசு பேசிகினு கீறா, தெரியுமா?"

"நீ சும்மா இருப்பா, அவரு பாக்கட்டும்" என்றார் கலைவாணி.

கேபிளைப் பிடுங்கினேன். முன்கட்டில் நெட் வந்தது. அப்படியென்றால் இரண்டும் சேரும்போதுதான் கோளாறு. செட்டிங்கைத் திறந்து பார்த்தால், இரண்டு ரவுட்டருக்கும் ஒரே ஐபி அட்ரஸ். இரண்டுமே வீட்டிலுள்ள போன்களுக்கு நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரே பஸ்ஸில் இரண்டு கண்டக்டர் டிக்கெட் கிழித்த மாதிரி. பின் ரவுட்டரின் அட்ரஸில் கடைசி 1-ஐ 2 ஆக்கினேன். நம்பர் கொடுக்கும் டிஹெச்சிபி-யை அதில் மட்டும் நிறுத்தினேன். முன்கட்டின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே இதற்கும் வைத்துக் கேபிளைச் செருகினேன்.

மூன்றடிக்க ஆறு நிமிடம் இருந்தது. "ரெண்டு பக்கமும் வருது" என்று சொல்லிவிட்டுக் கலைவாணி கதவைச் சாத்திக்கொண்டார்.

நாற்பது நிமிடம் நானும் ஏகாம்பரமும் வெளியே நின்றோம். "ஒரு தபா கூட கட்டாவல பாரு" என்று கிசுகிசுத்தார். நெட்டைச் சொன்னாரா, மகளின் பேச்சைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

நின்ற நேரத்தில், செய்ததையெல்லாம் ஒரு தாளில் வரிசையாகத் தமிழில் எழுதி முன்கட்டு ரவுட்டருக்கு மேலே ஒட்டினேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். தெருவுக்கே மனு எழுதிப் பழகிய கை. பிறகு அங்கே சர்வீசுக்குப் போன இன்னொருவர் அதைப் படம் பிடித்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். கிளம்பி வரச் சொன்ன அதே சூப்பர்வைசர் பிரின்ட் எடுத்துச் சுவரில் மாட்டினார். இன்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பது அந்தத் தாளைத்தான்.

கடைசி வரியை மட்டும் பிற்பாடு சேர்த்தேன்: "தப்பு உன்னுடையது என்றால் உடனே சொல்லிவிடு. சரிசெய்யப் பத்து நிமிடம் கிடைக்கும்."