மலர்கொடி எழுதிய டிரைவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் மலர்கொடி என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'டைப்பிங் மலரு' என்றால் கீரைக்காரம்மா வரைக்கும் வீட்டைக் காட்டுவாள். மைன்ஸில் இருந்த அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, வாரிசு என்று இவளுக்குக் கிடைத்தது ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை. இருபது வருஷமாக அடித்ததெல்லாம் அடுத்தவர் எழுதியதுதான். கீழே போடும் கையெழுத்தும் அடுத்தவருடையதுதான்.

ஆனால் அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வீடு வீடாக சீரியல் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் இவள் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ், அதில் புரோகிராம் எழுதுவது எல்லாம் முட்டி மோதித் தானே கற்றுக்கொண்டது. கூடவே முட்டி மோதியவள் ஒருத்தி இருந்தாள். பவர் ஹவுஸில் மீட்டர்களைப் பழுது பார்க்கும் சகாயமேரி. இரண்டு பேருமாகச் சென்னைக்கு பஸ் ஏறி, வெயிலில் கடை கடையாக அலைந்து, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடும் வரை பேரம் பேசி, ஒரே மாதிரி இரண்டு மதர்போர்டு வாங்கி வந்தார்கள்.

அந்த போர்டில் ஒரு சின்ன சிப் இருக்கிறது. எந்த இடம் எவ்வளவு சுடுகிறது, ஃபேன் சுற்றுகிறதா, கரண்ட் சரியாக வருகிறதா என்று ஓயாமல் நாடி பிடித்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. பார்த்ததை லினக்ஸுக்குச் சொல்ல இடையில் டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். மலிவு போர்டுக்கு யார் மெனக்கெடுவார்கள்? ஒருவரும் எழுதவில்லை. சித்திரை பிறந்தால் போதும், மலர்கொடியின் மெஷின் கொதித்துப்போய்ப் பொட்டென்று அணையும். காய்ச்சல் வந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளை மாதிரி அது படுத்துக்கொள்வதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நாமே எழுதினால் என்ன என்று உட்கார்ந்துவிட்டாள்.

எந்த எண் எந்த இடத்துச் சூடு என்று தெரிய ஒரே வழி, ஒவ்வொரு இடமாகச் சுட வைத்துப் பார்ப்பதுதான். அதற்கு அகப்பட்டவர் கணவர் ஜெயப்பிரகாஷ்.

"ஏங்க, ஹேர் டிரையர இந்த மூலையில காட்டுங்க. ஆங், ஏறுது, ஏறுது! இதுதான் மூணாவது சென்சார்."

"ஷிப்ட் முடிச்சி வந்தவனுக்குக் காப்பி குடுப்பாங்க. நீ கைல சூடு ஊதுறதக் குடுத்து நிக்க வெச்சிருக்க. நல்லா இரு தாயி."

மழைக்காலத்தில் ஆரம்பித்தது மாசி மாதம்தான் முடிந்தது. டிரைவர் ஓடியது. ஐந்து சென்சாரும் பேசின. சூடு ஏறினால் ஃபேன் தானே வேகம் எடுத்தது. லினக்ஸுக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் கூடும் மெயிலிங் லிஸ்ட்டுக்கு அதை அனுப்பிவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

எங்கோ வெளிநாட்டிலிருந்து அதன் பொறுப்பாளர் மரியாதையாகவே பதில் எழுதினார். வேலை சுத்தம். ஆனால் ஒரே மெஷினில் ஓடியதை நம்பி உலகத்துக்குக் கொடுக்க முடியாது. அதே போர்டு உள்ள இன்னொருவர் தனியாகச் சோதித்து, சரியாக ஓடுகிறதென்று தம் பெயரில் எழுத வேண்டும். அப்படி யாரும் வராவிட்டால் இதை ஒதுக்கி வைப்பதைத் தவிர வழியில்லை.

மலர்கொடி தினமும் லிஸ்ட்டைப் பார்த்தாள். உலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"என் பேரப் போட்டுக்கோயேன்" என்றார் ஜெயப்பிரகாஷ். "எவன் வந்து பாக்கப் போறான்?"

"பாக்காத மீட்டருக்கு ரீடிங் எழுதச் சொல்றீங்களா? வேணாங்க."

"அப்ப அந்தம்மாதான். வேற கதியில்ல."

அந்தம்மா என்றால் சகாயமேரி. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு பலாமரம். பழைய குவார்ட்டர்ஸில் கொட்டை போட்டு, எட்டு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது மலர்கொடி. இவள் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து வேறு பிளாக்குக்குப் போன மறுவருஷமே அது தடதடவென்று காய்த்தது. அப்போது அந்த வீடு சகாயமேரிக்கு அலாட் ஆகியிருந்தது. தெருவுக்கே சுளை போனதாம். மலர்கொடிக்கு ஒன்றுகூட வரவில்லை. கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். அதன்பின் கம்பெனி பஸ்ஸில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். படித்த பெண்களின் வீம்புக்கு மருந்து கிடையாது.

இப்போது யோசித்தாள். ஆயுசில் முதல்முறையாகத் தானே எழுதிய ஒன்று, தன் பெயரில் நிற்கப் போகிற ஒன்று, ஒரு பலாச்சுளைக்காகக் குப்பைக்குப் போகலாமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துவிட்டாள்.

சகாயமேரி பின்கட்டில், முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தைப் பிளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்க வந்துட்டியா?"

"என்னா கேக்க?"

"டெஸ்ட் பண்ணிக் குடுன்னு. நானும் அந்த லிஸ்ட்லதான படிச்சிகினு இருக்கேன். நீ அனுப்பின வாரமே போட்டுப் பாத்துட்டேன். என்கிட்ட ஹேர் டிரையர் ஏது? அயன் பாக்ஸத் தூக்கிப் புடிச்சிகினு ஒவ்வொரு எடமா சூடு காட்டினேன். அஞ்சும் கரெக்ட்டு."

மலர்கொடிக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்பறம் ஏண்டி எழுதல?"

"நீ கேக்கலியே."

"பலாப்பழமும் அப்பிடித்தானா?"

"ஐயோ மாதாவே! உன் மரம்டி அது. மொதப் பழத்த நீ வந்து அறுப்பேன்னு வூட்டு வாசலப் பாத்துகினு கெடந்தேன். அது பழுத்து விழுந்து ஈ மொய்ச்சிது. பொறுக்கமாட்டாம தெருவுக்குக் குடுத்தேன். உன் மரத்துக்கே உனக்குப் பத்திரிகை வெக்கணுமா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றைக்கும் தகராறு இருக்கிறது.

"கையெல்லாம் எண்ணெய். என் பேர்ல நீயே அடிச்சி அனுப்பிடு" என்றாள் சகாயமேரி.

"மாட்டேன். டெஸ்ட் பண்ண கைதான் அடிக்கணும்."

பால் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, சகாயமேரியே அனுப்பினாள்.

மறுநாள் பொறுப்பாளரிடமிருந்து ஒரு கேள்வி. இரண்டு பேரும் ஒரே ஊர் போலத் தெரிகிறதே, தோழிகளா? சோதனை உண்மையிலேயே தனியாக நடந்ததுதானா?

மலர்கொடி அதை இரண்டு முறை படித்தாள். ஊரையும் பெயரையும் ஆராய்ந்து இந்த மனிதர் எல்லாவற்றையும் தள்ளிவிடப் போகிறார் என்று பயந்தாள். என்ன எழுதலாம் என்று அவள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே லிஸ்ட்டில் சகாயமேரியின் பதில் வந்து விழுந்தது. அவளுடைய பவர் ஹவுஸ் இங்கிலீஷின் சாரம் இதுதான்:

"ஐயா, நான் இதைச் சோதித்த நாளில் எழுதியவரோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரு தப்பாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை."

அதைப் படித்துவிட்டு மலர்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினாள். டிரைவரைச் சேர்த்துக்கொண்டோம் என்ற மெயில் அரை மணியில் வந்தது. வீட்டில் அதைப் பார்க்க ஆளில்லை. அவள் பழைய குவார்ட்டர்ஸ் பின்கட்டில், முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு, தன் மரத்துப் பழத்தை முதல்முதலாக அறுத்துக்கொண்டிருந்தாள்.